கேள்வி பதில்: ரேடியோவுக்குள் ஒரு மைதானம்

கேள்வி: டிவி இல்லாத காலத்தில் ரேடியோ கிரிக்கெட் வர்ணனைக்கு அப்படி என்ன மவுசு ஐயா?
– வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அப்பாவின் டிரான்சிஸ்டர் ஒன்றுதான், தம்பி. பனிமூட்டம் இறங்கினால் கரகரப்புதான் கேட்கும். ஏரியலில் செம்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையைக் கூரைத் தகரத்தில் மாட்டுவோம். பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். 1988 பொங்கல் சமயத்தில் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் ஹிர்வானி மேற்கிந்தியரின் 16 விக்கெட்டுகளைச் சாய்த்தாரே, அதை அப்படித்தான் தமிழில் கேட்டோம். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த அம்மா வெற்றுக் கூடையை இறக்காமலே வாசலில் நின்று, "இப்ப எத்தன?" என்பார். அம்மாவுக்கு எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்து காலில் பட்டு அவுட் ஆவது) என்றால் கடைசி வரை புரியவில்லை. அது வேறு கதை. 2020இல் மறைந்த தமிழ் வர்ணனையாளர் அப்துல் ஜப்பாரின் கணீர்க் குரலுக்கு எங்கள் தோட்டத்திலும் ரசிகர்கள் உண்டு.

கேள்வி: பெரிய ஆட்டக்காரர்தான் நல்ல வர்ணனையாளர் ஆக முடியுமா?
– வாசகி ஒருவர், பண்டாரவளை

பதில்: இல்லவே இல்லை. இங்கிலாந்து வர்ணனையாளர் ஜான் ஆர்லட் சவுத்தாம்ப்டனில் போலீஸ்காரராக இருந்தவர். பிபிசியில் கவிதை நிகழ்ச்சி தயாரித்தவர். 1946இல் வர்ணனைக்கு வந்தார். கிரிக்கெட் பற்றி நிறைய எழுதவும் செய்தார். 1980இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் கடைசியாக டெஸ்ட் வர்ணனை செய்தபோது பிரியாவிடைப் பேச்சு எதுவும் இல்லை. ஸ்கோரைச் சொன்னார், அடுத்து யார் பேசுவார் என்று சொன்னார், எழுந்து போய்விட்டார். மைதானமே கைதட்டியது.