கடையை இடித்துக் கட்டப்போகிறார்களாம்: லண்டன் கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஈஸ்ட்ஹாம், பலசரக்குக் கடை: அண்ணை, 16 வருடமாகக் கடை நடத்துகிறேன். கட்டடத்தை இடித்து ஃபிளாட் கட்டப்போவதாகவும் ஏழு மாதத்தில் நான் கடையை விட்டு எழும்ப வேண்டும் என்றும் சொந்தக்காரர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். சாமான்களைக் கட்டத் தொடங்கட்டுமா?

பதில்: ஒரு பெட்டியையும் அசைக்காதீர்கள் தம்பி. முதலில் லீஸ் பத்திரத்தை எடுங்கள். லீஸ் முடிந்தாலும் புதிய லீஸ் கேட்கும் உரிமையைக் கடைக்காரருக்குத் தரும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டாம் என்று தனியாக உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை கடினம். கொடுக்கவில்லை என்றால், நோட்டீஸில் உள்ள தேதிக்குள் புதிய லீஸ் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். சொந்தக்காரரோடு பேச்சு நல்லபடியாகத்தானே போகிறது என்று இருந்துவிடாதீர்கள். எழுத்தில் அவகாசம் வாங்காமல் அந்தத் தேதி தாண்டினால் உரிமையே போய்விடும். மனு நிலுவையில் இருக்கும்வரை கடை உங்களிடம்தான். வாடகையை ஒழுங்காகக் கட்டுங்கள்.

டூட்டிங், தையல் கடை: எங்களுக்கும் இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. சொந்தக்காரர் இன்னும் கட்டுவதற்கான பிளானிங் அனுமதியே வாங்கவில்லை. நோட்டீஸ் செல்லாதுதானே?

பதில்: செல்லும் அக்கா. நோட்டீஸ் கொடுத்த நாளை யாரும் பார்ப்பதில்லை. விசாரணை நாளில் அவர் உறுதியாக இருக்கிறாரா, பணத்துக்கு வழி உண்டா, அனுமதி கிடைக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்றுதான் பார்ப்பார்கள்.

அதே அக்கா: எங்களைக் கிளப்பவே இந்தத் திட்டத்தைப் போட்டிருந்தால்?

பதில்: அப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜெர்மின் தெருவில் பழங்காலத் துணிகள் விற்கும் ஃபிரான்சஸ் என்ற நிறுவனம். சொந்தக்காரர் கேவன்டிஷ் ஹோட்டல். 7,70,000 பவுண்டுக்கு மேல் செலவாகும் வேலை ஒன்றைக் காட்டி இடத்தைக் கேட்டார்கள். ஆனால், கடைக்காரர் தானாகவே போய்விட்டால் அந்த வேலையைச் செய்யமாட்டோம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 2018இல் ஹோட்டல் தோற்றது. உங்கள் வழக்கிலும் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நான் நாளைக்கே போய்விட்டாலும் இதைக் கட்டுவீர்களா?

ஈஸ்ட்ஹாம், பலசரக்குக் கடை: சரி அண்ணை, அவர் உண்மையாகவே கட்டினால் எனக்கு என்ன கிடைக்கும்?

பதில்: கடையின் ரேட்டபிள் வேல்யூ, அதாவது வணிக வரி போடுவதற்காகக் கடைக்குக் கணக்கிட்டிருக்கும் மதிப்பு, அந்த அளவு நட்டஈடு. உங்களைப் போல 14 வருடத்துக்கு மேல் அங்கேயே தொழில் செய்தவர்களுக்கு அதில் இரண்டு மடங்கு. நீங்கள் சேர்த்த வாடிக்கையாளர்களுக்கு அதில் ஒரு பென்னியும் இல்லை. இது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஆனால் கட்டடம் எழுப்பும் அவசரத்தில் இருப்பவர் வழக்கு இழுபடுவதை விரும்பமாட்டார். அதனால் முதலில் சொல்லும் தொகைக்குச் சம்மதிக்காதீர்கள்.