சமையல் கேள்வி–பதில்: மினஸ்ட்ரோனே சூப்

கேள்வி: இத்தாலியக் காய்கறி சூப்பான மினஸ்ட்ரோனே செய்தால் தண்ணீர் வேறு, காய் வேறாக நிற்கிறது. ராஜ்மாவும் வேகவே மாட்டேன் என்கிறது. சோளமாவு கரைத்து ஊற்றலாமா? – வாசகி, தெம்பனிஸ்

பதில்: சோளமாவு வேண்டாம், வழவழப்புதான் மிஞ்சும். ருசி வதக்கலிலிருந்தும், கெட்டித்தன்மை ராஜ்மாவிலிருந்தும் வரவேண்டும்.

நான்கு பேருக்கு ஒரு பெரிய வெங்காயம், ஒரு கேரட், இரண்டு தண்டு செலரி. மூன்றையும் பொடியாக நறுக்கி, 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் சிட்டிகை உப்புடன் சிறுதீயில் 15 நிமிடம் வதக்குங்கள். இதற்கு ஸொஃப்ரித்தோ என்று பெயர். நம் தாளிப்பைப் போல் சட்டென முடியாது. சிவக்காமல் குழைய வேண்டும். ஐந்தே நிமிடத்தில் தண்ணீர் ஊற்றினால் சூப் சப்பென்றுதான் இருக்கும். ஈரச்சந்தையில் விற்கும் மெல்லிய சீனச் செலரிக்கு வாசனை தூக்கல், பாதி போதும்.

உலர்ந்த ராஜ்மா 150 கிராம் எடுத்து 8 மணி நேரம் ஊறவையுங்கள். சிங்கப்பூர் வெக்கையில் வெளியே வைத்தால் புளித்துவிடும். குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் மசியும் பதத்துக்கு வேகவிடுங்கள். ஸ்லோ குக்கரில் நேரே போடவே கூடாது. அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் நச்சு வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதித்தால்தான் அது அழியும்.

வெந்த ராஜ்மாவில் ஒரு கரண்டி மசித்து, வேகவைத்த நீரோடு வதக்கலில் சேருங்கள். எல்லாமாக ஒன்றேகால் லிட்டர் நீர் போதும். முதலில் உருளைக்கிழங்கு, பிறகு கோஸ், சுக்கினி. இரண்டு பழுத்த தக்காளியை, கிழங்கு வெந்தபின்தான் சேர்க்க வேண்டும். தக்காளியின் புளிப்பு ராஜ்மாவையும் கிழங்கையும் குழையவிடாது; உங்கள் ராஜ்மா வேகாததற்கு அதுவோ, கடையில் நாள்பட்ட சரக்கோ காரணமாக இருக்கலாம்.

கேள்வி: பார்மிசான் சீஸின் தோலைச் சூப்பில் போடச் சொல்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம், போடலாமா?

பதில்: வேண்டாம். அசல் பார்மிசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டு பாலைத் திரித்துச் செய்வது. தாவர ரென்னெட் என்று லேபிளில் போட்ட கெட்டிச் சீஸ் வாங்கித் துருவிக்கொள்ளுங்கள். சீஸே இல்லாமலும் செய்யலாம்: இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்காரர்கள் அடுப்பை அணைத்தபின் பெஸ்டோ (பேசில் இலையோடு பூண்டு, சீஸ் எல்லாம் சேர்த்து இடித்த விழுது) கலப்பார்கள். நீங்கள் பேசில் இலை, பூண்டு, ஆலிவ் எண்ணெய் மட்டும் இடித்துக் கலக்குங்கள். தாய் பேசிலில் சோம்பு வாசம் அடிக்கும், இதற்கு ஒத்துவராது.

கேள்வி: மறுநாள் பாஸ்தா கூழாகிவிடுகிறதே?

பதில்: அது சூப்பிலேயே ஊறி உப்புகிறது. தனியே வேகவைத்து, பரிமாறும்போது கிண்ணத்தில் போடுங்கள். நான்கு பேருக்கு 80 கிராம். மீந்த சூப்பை அடுப்பிலேயே விடாமல், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.