தனிமனிதச் சுதந்திரமா, அரசுக் கட்டுப்பாடா என்பது எங்கள் ஊர்த் தேர்தலில் எடுபடுமா?

தனிமனிதச் சுதந்திரமா, அரசுக் கட்டுப்பாடா என்ற விவாதம் சாதாரண வாக்காளருக்குப் பொருட்டே இல்லையா, திருநெல்வேலிப் பக்கம் அது எப்போதாவது தேர்தல் பிரச்சினையாக இருந்ததுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்ததுண்டு, ஆனால் அது அந்தப் பெயரில் மக்களிடம் வரவில்லை.

1959-இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி, லைசென்ஸ், பர்மிட், கோட்டா ஆகியவற்றின் பிடியிலிருந்து குடிமக்களை விடுவிப்பதையே கொள்கையாகக் கொண்டிருந்தது. 1967 நாடாளுமன்றத் தேர்தலில் திருநெல்வேலித் தொகுதியில் வென்றது அந்தக் கட்சிதான். இதை வைத்து, நெல்லை மக்கள் அன்றே அரசுக் கட்டுப்பாட்டை நிராகரித்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அரிசித் தட்டுப்பாடும், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூடுகளும் அப்போது மக்கள் மனத்தில் ஆறாமல் இருந்தன. சுதந்திராக் கட்சி நின்றது தி.மு.க. கூட்டணியில், அந்தத் தேர்தலில் ஊரெங்கும் பேசப்பட்டது ரூபாய்க்கு மூன்று படி அரிசி. அரசு தலையிடக் கூடாது என்ற கட்சிக்கு, அரசு மலிவாக அரிசி தரும் என்ற நம்பிக்கையில் விழுந்த வாக்குகளும் சேர்ந்தே கிடைத்தன.

1977 இன்னும் ஆழமாக யோசிக்க வைக்கிறது. நெருக்கடி நிலையில் கட்டாயக் கருத்தடை வீட்டு வாசல் வரை வந்த வட மாநிலங்களில் காங்கிரஸ் படுதோல்வி அடைந்தது. இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார். தமிழ்நாட்டிலோ, 1976 ஜனவரி 31 அன்று மாநில அரசு கலைக்கப்பட்டு, எதிர்க்கட்சியினர் பலர் விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் சிறைப்பட்ட பிறகும், 39 தொகுதிகளில் 34-ஐ அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி வென்றது. திருநெல்வேலியும் அதில் ஒன்று. நம் மக்களுக்குச் சுதந்திர உணர்வு இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். வடக்கே உடம்பைத் தொட்ட அதிகாரம், இங்கே பெரும்பாலான வீடுகளைத் தொடவில்லை.

என் ஆச்சி முக்கூடலில், மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றியே பிள்ளைகளை வளர்த்தவர். சுற்றிய பீடியில் கடைக்காரர் சரியில்லை என்று கழித்ததற்குக் கூலி கிடையாது. எதிர்த்துக் கேட்டால் மறுநாள் இலையும் தூளும் கிடைக்காது. அந்தக் காலத்தை அவர் ஒருபோதும் சுதந்திரம் என்று சொன்னதில்லை. பீடித் தொழிலாளர்களுக்கான 1966-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் வந்த நலநிதிச் சட்டமும்தான் அடையாள அட்டை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை என்று அவருக்குப் பிடிமானம் கொடுத்தன. அந்த நலநிதிச் சட்டம் நிறைவேறியது 1976-இல், அதாவது நாட்டின் வாய் கட்டப்பட்டிருந்த அதே நெருக்கடி நிலைக் காலத்தில். இதை மறந்துவிட்டு, கட்டுப்பாடு என்றாலே தீமை என்று என்னால் எழுத முடியாது.

ஆனால் அதே அரசின் கை, கூடங்குளத்தை அடுத்த கடற்கரை ஊரான இடிந்தகரையில் எப்படி இருந்தது என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. மக்களின் அச்சம் நீங்கும்வரை கூடங்குளம் அணுமின் நிலையப் பணிகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2011 செப்டம்பரில் தீர்மானம் நிறைவேற்றிய மாநில அமைச்சரவை, 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தலில் வாக்குப்பதிவு முடியும்வரை பொறுத்திருந்து, மறுநாளே பணிகளுக்கு ஒப்புதல் அளித்தது. உடனே ராதாபுரம் வட்டாரத்தில் 144 தடை உத்தரவு வந்தது. போராடிய மீனவர்கள், பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோகப் பிரிவான 124ஏ பாய்ந்தது. 1908-இல் திருநெல்வேலி நீதிமன்றம் வ.உ.சி.யைத் தண்டித்த அதே பிரிவு. அணுமின் நிலையம் வேண்டுமா என்பதில் என் நண்பர்களிடையேகூட ஒத்த கருத்து இல்லை; ஆனால் வேண்டாம் என்று சொல்வதே குற்றமாவதை எவரும் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 2013 மே மாதம் அணுமின் நிலையத்தை அனுமதித்த தீர்ப்பிலேயே, போராட்டக்காரர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றது.

ஆகவே, அரசு எவ்வளவு தலையிடலாம் என்று அளந்து நான் வாக்களிப்பதில்லை. தலையிடும் அதிகாரியிடம் காரணம் கேட்க முடியுமா, அவர் தவறினால் மேலே முறையிட இடம் உண்டா, கேட்டவன் மீது வழக்கு வராமல் இருக்குமா என்பதையே பார்க்கிறேன். ஆச்சி தன் அட்டையைக் காட்டித் தொழிலாளர் அலுவலகத்தில் உரிமையோடு பேச முடிந்தது. இடிந்தகரைப் பெண்களுக்கு அந்த இடம் மறுக்கப்பட்டது. இரண்டையும் அரசுக் கட்டுப்பாடு என்ற ஒரே சொல்லில் அடக்குவதால்தான் விவாதம் குழம்புகிறது.

இது ஏன் எளிதில் தேர்தல் பிரச்சினையாவதில்லை என்றால், சலுகை எல்லாத் தெருவுக்கும் வருகிறது, தடை உத்தரவு ஏதோ ஒரு கடற்கரைக்குத்தான் வருகிறது. கடந்த முறை எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவரிடம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தின் 152-ஆவது பிரிவு பழைய 124ஏ-வின் வேலையைச் செய்யாது என்று உறுதி தர முடியுமா என்று கேட்க நினைத்தேன். நான் வாய் திறப்பதற்குள், "என்ன அண்ணாச்சி, ரேஷன் கார்டுல ஏதும் பிரச்சினையா?" என்று அவரே கேட்டுவிட்டார், கூட்டமும் நகர்ந்துவிட்டது. அடுத்த முறை அந்தக் கேள்வியைத் தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். பக்கத்து வீட்டார் நான்கு பேர் அதில் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்கள்.