சினிமா ரத்தம் பிடிக்கும், நிஜ ரத்தம் ஆகாது: இது கோளாறா?

உடலைத் துண்டு துண்டாக வெட்டும் பேய்ப்படத்தை பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பீர்கள், ஆனால் வாட்ஸ்அப்பில் விபத்து வீடியோ வந்தால் வயிறு புரளும் என்கிறீர்கள். கோளாறெல்லாம் இல்லை, நானும் அதே கேஸ்தான்.

எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு அண்ணனுக்குப் பால்வெட்டுக் கத்தி விரலில் இறங்கிவிட்டது. சிரட்டையில் இருந்த வெள்ளைப் பாலில் நாலு சொட்டு சிவப்பு, அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல மக்கா" என்று அவர் துணி சுற்றிக்கொண்டிருக்க, மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது நான்! முந்தின ராத்திரி ரெண்டு மணிவரை ரம்பத்தால் ஆளை அறுக்கும் படம் பார்த்தவன். (சிலருக்கு ரத்தத்தைக் கண்டதும் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும், மயக்கம் அதனால்தான்.)

படத்தில் யாருக்கும் வலிக்கவில்லை என்று மனசின் ஒரு ஓரத்துக்குத் தெரியும். பின்னணி இசை, கேமரா கோணம், கையில் ரிமோட், இதெல்லாம் சேர்ந்து பயத்தை விளையாட்டாக்கிவிடுகின்றன. 1960இல் வந்த 'சைக்கோ' படத்தில் குளியலறையில் ரத்தமாக ஓடுவது சாக்லேட் சிரப்.

ஹைட், மெக்காலி, ரோஸின் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு இறைச்சிக்கூடம், அறுவை சிகிச்சை போன்ற நிஜக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பெரும்பாலானோர் முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள், இத்தனைக்கும் சினிமாவில் அதைவிட மோசமானதைக் காசு கொடுத்துப் பார்க்கிறவர்கள்தான்.

அப்புறம், அந்த விபத்து வீடியோவை அனுப்புகிற குரூப்பை முதலில் மியூட் பண்ணுங்கள்.