ஏரிக்கரையில் ஒட்டுத் தையல்

கேள்வி: கனடாவில் தோழிகளோடு ஏரிக்கரை வீட்டில் தங்கி ‘குவில்ட்’ தைத்ததாகச் சொன்னீர்களே, அது நம்மூர் பழம்புடவைப் போர்வை மாதிரிதானா? - வாசகி, திண்டுக்கல்

பாதி சரி. மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால்தான் குவில்ட்.

டொராண்டோவுக்கு வடக்கே மஸ்கோகாவில் ஒரு வாடகை வீடு. நான்கு பேர், இரண்டு தையல் மிஷின். ஜூன் மாதக் கொசுவுக்குப் பயந்து வலை அடித்த வராந்தாவிலேயே கிடந்தோம். ஏரி வெறும் பார்வைக்குத்தான்!

நாங்கள் எடுத்தது ‘லாக் கேபின்’ (மரக்கட்டை வீடு) என்ற பழைய வடிவம். நடுவில் சிவப்புச் சதுரம். அது வீட்டுக் கணப்பு என்பார்கள். சுற்றிலும் பட்டைகள், ஒரு பாதி வெளிர் நிறம், மறுபாதி அடர் நிறம். தையலுக்குக் கால் அங்குலம்தான் விட வேண்டும். ஒருத்தி ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதலாக விட்டுக்கொண்டே போனாள். 12 பட்டை முடிந்தபோது அவள் சதுரம் மட்டும் ஒன்றரை அங்குலம் குட்டை. பிரித்துத் தைக்க ஒரு மாலை போயிற்று, கூடவே இரண்டு கெட்டில் தேநீரும்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? சிவப்புத் துணியை முன்பே அலசாமல் தைத்தேன். முதல் சலவையிலேயே பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஸ். நீங்கள் தைத்தால் முதலில் சிவப்பை ஊறப்போடுங்கள்.