அனுமதி வாங்கித்தான் கத்த வேண்டுமா?

கேள்வி: எதற்கெடுத்தாலும் போராட்டம், மறியல் என்று கிளம்பிவிடுகிறார்கள். அரசு கொஞ்சம் கடுமை காட்டினால் உடனே ‘கருத்துச் சுதந்திரம் போச்சு’ என்கிறீர்கள். அனுமதியில்லாமல் கூடினால் போலீஸ் வேடிக்கை பார்க்குமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வேடிக்கை பார்க்க வேண்டாம், பக்கத்தில் நின்று பாதுகாப்புக் கொடுக்கட்டும். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19வது பிரிவு எப்போதோ கொடுத்துவிட்டது.

‘கொஞ்சம் கடுமை’ என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொல்லி 2018 பிப்ரவரியில் அ.குமரெட்டியாபுரம் மக்கள் தங்கள் ஊரிலேயே உட்கார்ந்து போராட ஆரம்பித்தார்கள், மார்ச்சில் தூத்துக்குடியே திரண்டது, அப்போதும் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, அதனால்தான் நூறாவது நாளான மே 22 அன்று கலெக்டர் ஆபீசுக்கே போவோம் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். அரசு என்ன செய்தது? முந்தின நாளே 144 போட்டது. அப்புறம் துப்பாக்கி. 13 பேர் செத்தார்கள், அதில் ஒரு பெண்ணுக்கு வயது 17. மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தையும் துண்டித்தார்கள். நடந்ததை வெளியே சொல்லக்கூட வழியில்லை.

வண்டிகளை எரித்தார்களே என்பீர்கள். சரி, எரித்தவர்களைப் பிடித்து வழக்குப் போடுங்கள். ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டது எதற்கு? இதை நான் மட்டும் கேட்கவில்லை. அரசே அமைத்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டதே, அதில் 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறது, படித்துப் பாருங்கள்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் வேறு. துப்பாக்கிச் சூடு நடந்த ஆறாவது நாள், மே 28 அன்று, அதே அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணை போட்டது. ஆலையைத் திறக்கக் கேட்டு நிறுவனம் போட்ட மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. அந்த மக்கள் கேட்டது இதைத்தானே! பிணம் விழுந்த பிறகு ஆறே நாளில் போட முடிந்த கையெழுத்தை, அவர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்த அந்த 99 நாளில் ஏன் போடவில்லை? போராடுகிறவர்களைச் ‘சமூக விரோதிகள்’ என்று ஒதுக்கிவிட்டால் அவர்கள் சொல்வது காதில் விழாது, அதனால்தான்.

உங்கள் ஊரிலும் சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை நஞ்சானபோது விவசாயிகள் வருஷக்கணக்காகக் கத்தினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள், கடைசியில் 2011இல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களிடமும் முதலில் அனுமதிச் சீட்டைக் காட்டு என்று கேட்டிருப்பீர்களா?