மற்ற அறைகள் குளிர்கின்றனவா? ஏசிக்குக் கேஸ் நிரப்பும் முன் அதைப் பாருங்கள்

மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்து நாலு மாதம் ஆகிறது, யீஷூனில் நான்கறை வீட்டை இரண்டு வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்திருக்கிறோம், பெரிய படுக்கையறை ஏசியிலிருந்து ராத்திரியெல்லாம் சுவரில் தண்ணீர் வழிகிறது, குளிரும் குறைந்துவிட்டது, மற்ற இரண்டு அறைகளும் நன்றாகக் குளிர்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். வந்து பார்த்தவர் குளிர் உண்டாக்கும் கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்கிறார். வீட்டுக்காரர் புது செட் போட்டுவிடலாம், பாதிக் காசு நீங்கள் கொடுங்கள் என்கிறார். "என்ன செய்வது அக்கா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தூங்கவே முடியவில்லை" என்று முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த 120 வெள்ளியை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்மா. பாதிக் காசுக்கும் தலையாட்டாதீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மற்ற இரண்டு அறைகளும் நன்றாகக் குளிர்கின்றன என்கிறீர்கள். இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (எச்டிபி) கட்டிய கழக வீடுகளில் பெரும்பாலும் 'சிஸ்டம் 3' என்று சொல்லும் அமைப்பு இருக்கும். வெளியே ஒரே ஒரு பெரிய யூனிட், உள்ளே மூன்று அறைக்கு மூன்று யூனிட். இன்வெர்ட்டர் வகையாக (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது) இருந்தால் மூன்றுக்கும் ஓடுவது ஒரே கேஸ்தான். அது குறைந்தால் மூன்று அறையிலும் குளிர் குறையவேண்டும். ஓர் அறை மட்டும் மந்தமாகி, அதிலேயே தண்ணீரும் சொட்டுகிறது என்றால் கோளாறு அந்த அறைக்குள் மாட்டியிருக்கும் யூனிட்டில்தான் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். மிகப் பழைய, இன்வெர்ட்டர் இல்லாத செட்டுகளில் அறைக்கு அறை கேஸ் தனித்தனியாக ஓடும். உங்களுடையது எது என்று வெளி யூனிட்டின் மாடல் எண்ணை வீட்டுக்காரரிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் படிக்கவேண்டாம். எத்தனை மாடியாக இருந்தாலும் அந்த வேலை உங்களுடையது இல்லை.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குளிர்ந்த தண்ணீர் நிறைந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்குமே, அதேதான். ஏசிக்குள் காயில் என்று ஒரு சில்லென்ற குழாய்ச் சுருள் இருக்கும், அதில் காற்றின் ஈரம் பட்டுத் தண்ணீராகிறது. மதுரை வெயில் வறண்ட வெயில். அங்கே சித்திரை, வைகாசியில் ஏசி போட்டாலும் இவ்வளவு தண்ணீர் பார்த்திருக்க மாட்டீர்கள். சிங்கப்பூர்க் காற்று வருஷம் முழுக்க ஈரம்தான். ஒரு ராத்திரிக்குள் லிட்டர் கணக்கில் தண்ணீர் இறங்கும். அது காயிலுக்குக் கீழே ஒரு தட்டில் விழுந்து, டிரங்கிங் என்று சொல்லும் வெள்ளைப் பெட்டிக்குள் ஓடும் சின்ன டிரெயின் பைப் வழியாக வெளியேற வேண்டும். பல கழக வீடுகளில் அந்தப் பைப்பின் மறுமுனை குளியலறைத் தரையில் இருக்கும். தூசியும் ஈரமும் சேர்ந்து பைப்புக்குள் பாசி மாதிரி வழுவழுப்பாகக் கட்டிக்கொள்ளும். அடைத்ததும் தட்டு நிரம்பி, தண்ணீர் முன்பக்கமாகச் சுவரில் வழிகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். பெரிய அறை ஏசியை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அந்தப் பைப் முனையைப் போய்ப் பாருங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் வழி திறந்திருக்கிறது. சுவரில் வழிகிறது, பைப்பில் ஒன்றும் வரவில்லை என்றால் அடைப்பு. சர்வீஸ்காரர் பைப் முனையில் உறிஞ்சும் மெஷினை வைத்து இழுத்தால் கறுப்பாக ஒரு கட்டி வந்து விழும். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு விதிவிலக்கும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேஸ் மிகவும் குறைந்தால் காயிலில் பனிக்கட்டி உறைந்து, அது உருகும்போதும் தண்ணீர் சொட்டும். ஆனால் ஃபில்டர் அழுக்கால் அடைபட்டு, காற்று போகாவிட்டாலும் அதே பனிக்கட்டி உறையும். ஏசியை அணைத்து, முன்மூடியைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளையாகப் பனி தெரிந்தால் முழுவதும் உருகவிட்டு, ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டி, மறுபடி ஓடவிடுங்கள். மறுபடி பனி பிடித்தால்தான் கேஸ் பற்றிய பேச்சு.

ஃபில்டர் விஷயத்தில் நம் வீடுகளுக்கென்று ஒரு தனிக் கவனம் வேண்டும். கடுகு, மிளகாய் தாளிக்கும் எண்ணெய்ப் புகை கூடத்தைத் தாண்டிப் படுக்கையறை வரை வரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி. இரண்டும் ஃபில்டரில் போய் ஒட்டும். அதன்மேல் தூசி உட்கார்ந்தால் துணி போல ஒரு படலம். சாம்பிராணி போடவேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், என் வீட்டிலும் போடுகிறோம். அந்த நேரம் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். வெயிலில் காயவைத்தால் சட்டம் வளைந்துவிடும், நிழல் போதும்.

இனி கேஸ். வண்டிக்குப் பெட்ரோல் போல ஏசி கேஸ் ஓட ஓடத் தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். நாங்கள் 17 வருஷத்துக்கு முன் புதுக்கோட்டையிலிருந்து வந்து எடுத்த முதல் வாடகை வீட்டில் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை கேஸ் நிரப்பக் காசு கொடுத்தோம். மூன்றாம் முறைக்குப் பிறகு, வேறொருவர் வந்து உள் யூனிட்டுக்குப் பின்னால் செம்புக்குழாய் சேரும் இடத்தில் சோப்பு நுரையைத் தடவினார். நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. அந்த இணைப்பைச் சரிசெய்து ஒருமுறை நிரப்பினார். அந்த வீட்டில் இருந்தவரை மறுபடி கேஸ் பேச்சே வரவில்லை. அன்றைக்கு எங்களுக்கு அந்தக் காசு ஒரு மாத மளிகை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இனி யார் கேஸ் குறைவு என்றாலும், மீட்டரை மாட்டி அழுத்தம் எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். நேர்மையான ஆள் தயங்காமல் காட்டுவார்.

ரிமோட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் கை பட்டு ஃபேன் மோடுக்கோ டிரை மோடுக்கோ மாறியிருக்கும். நட்சத்திரம் போன்ற பனிப்பூ படம் இருப்பதுதான் கூல். அணைத்து உடனே போட்டால் வெளி யூனிட்டில் இருக்கும் கம்ப்ரசர் மூன்று நிமிடம் போல காத்திருந்துதான் கிளம்பும், அது கோளாறு இல்லை. யூனிட்டில் விளக்கு மினுக்கினால் பிழைக் குறி ஒன்று உள்ளே இருக்கும். பல டைக்கின் ரிமோட்டுகளில் கேன்சல் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு நீளமாக ஒரு பீப் சத்தம் வரும்வரை அதையே திரும்பத் திரும்ப அழுத்தினால் குறி தெரியும். யூ0 என்றால் கேஸ் குறைவு, யூ4 என்றால் உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் இடையே தொடர்புக் கோளாறு. சர்வீஸ்காரரைக் கூப்பிடும்போது இந்தக் குறியையும் சொன்னால் அவருக்கும் வேலை சுலபம். மின்பெட்டியில் ஏசிக்கான சுவிட்ச் தானாக விழுந்தால் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் தொடாதீர்கள், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் வரவேண்டும்.

சர்வீஸ் என்று கூப்பிட்டால் மூன்று விதமாகச் சொல்வார்கள். சாதாரண சர்வீஸில் ஃபில்டர், தட்டு, டிரெயின் பைப் சுத்தம் செய்வார்கள். கெமிக்கல் வாஷ் என்றால் காயிலில் ரசாயனம் அடித்துக் கழுவுவது. ஓவர்ஹால் என்றால் உள் யூனிட்டையே கழற்றி இறக்கிக் கழுவுவது. விலை ஒன்றுக்கொன்று ஏறிக்கொண்டே போகும். உங்களுக்கு இப்போது தேவை முதலாவது. அதைச் செய்தும் காற்றில் புளித்த வாடை வந்தால், அல்லது காற்று மெலிந்தே இருந்தால் இரண்டாவது. முதல் நாளே ஓவர்ஹால் என்பவரை அனுப்பிவிட்டு இன்னொருவரைக் கேளுங்கள்.

ஏசியை விட முக்கியம் உங்கள் ஒப்பந்தம். இங்கே வழக்கமான வாடகை ஒப்பந்தத்தில் ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வது குடியிருப்பவர் பொறுப்பு என்று எழுதியிருக்கும். உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. செய்திருந்தால் ரசீதைத் தேடி எடுங்கள். செய்யவில்லை என்றால் இந்த வாரமே மூன்று அறைக்கும் செய்து, ரசீதைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எங்கள் முதல் வீட்டைக் காலி செய்தபோது எங்களிடம் ரசீது இல்லை. ஏசியைக் கவனிக்கவில்லை என்று சொல்லி 400 வெள்ளியை வைப்புத்தொகையில் பிடித்துக்கொண்டார்கள். சர்வீஸ் செய்தது எங்களுக்குத் தெரியும், காட்ட ஒரு தாள் இல்லை.

சின்னப் பழுதுக்கு 200 வெள்ளி, 300 வெள்ளி என்று ஒரு வரம்பு போட்டு, அதுவரை குடியிருப்பவர் கொடுக்கவேண்டும் என்றும் ஒரு விதி இருக்கும். அதற்கு மேலே போனால் வீட்டுக்காரர் பொறுப்பு. சில ஒப்பந்தங்களில் குடியேறிய முதல் 30 நாளில் தெரிந்த பழுதெல்லாம் வீட்டுக்காரருடையது. தண்ணீர் சொட்டுவதை அப்போதே அவரிடம் சொன்னீர்களா என்று பழைய செய்திகளைப் பாருங்கள். புது செட் என்பது அவர் சுவரில், அவர் சொத்தாக இருக்கப்போவது. நீங்கள் காலி செய்யும்போது தூக்கிக்கொண்டு போக முடியாது. உங்கள் கவனக்குறைவால் கெட்டது என்று காட்டாத வரையில் அதில் பாதி கேட்பது நியாயமே இல்லை. மரியாதையாக, ஆனால் எழுத்தில் பதில் சொல்லுங்கள்: "அண்ணே, முதலில் சர்வீஸ் செய்து பார்க்கிறோம், சர்வீஸ்காரர் எழுதிக் கொடுப்பதை அனுப்புகிறோம், அதன்பிறகு பேசலாம்." பேச்சு முற்றினால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தம் பற்றிய, 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள். அதுவரை போகத் தேவைப்படாது என்றுதான் நம்புகிறேன்.

அவரே முழுச் செலவையும் ஏற்று மாற்றுகிறார் என்றால், மாடலைத் தேர்வு செய்வதில் உங்கள் கருத்தையும் சொல்லுங்கள், மின்சார பில் கட்டப்போவது நீங்கள். ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் தேசியச் சுற்றுப்புற வாரியச் சிட்டையில் ஐந்து டிக் (மின்சாரம் மிகக் குறைவாக இழுப்பது) இருப்பதைக் கேளுங்கள். வீட்டுக்காரர் சிங்கப்பூரராக இருந்தால் பருவநிலைப் பற்றுச்சீட்டு பற்றி நினைவுபடுத்துங்கள். 2024 ஏப்ரலிலிருந்து கழக வீட்டுக் குடும்பங்களுக்கு 300 வெள்ளி கொடுத்தார்கள், ஐந்து டிக் ஏசிக்கும் அது செல்லும். குளிர்விக்கும் திறனை பிடியு என்ற அளவில் சொல்வார்கள், சாதாரணப் படுக்கையறைக்கு 9,000 பிடியு போதும். பெரிய அறை, அதிலும் மேற்கு வெயில் விழும் சுவர் என்றால் 12,000. கூடத்துக்கு 18,000 அல்லது அதற்கு மேல். பெரிதாகப் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். அளவுக்கு மீறிய யூனிட் சட்டென்று குளிர்த்து அடங்கிவிடும், ஈரத்தை இழுக்காது, அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். 2022 அக்டோபரிலிருந்து இங்கே விற்பனைக்கு வரும் வீட்டு ஏசிகளில் புவிவெப்பத் திறன் (கசிந்தால் பூமியைச் சூடாக்கும் அளவு) 750க்கு மேற்பட்ட கேஸ் கூடாது. அதனால் புது செட் ஆர்32 கேஸில்தான் வரும். பழைய செம்புக்குழாயையே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், புதுக்குழாய் நல்லது. குழாயைச் சுற்றி இருக்கும் கறுப்பு உறை தடிப்பாக இருக்கட்டும். மெலிந்த உறை ஒரு வருஷத்தில் வியர்த்து டிரங்கிங்கிலிருந்தே சொட்டும், மறுபடி இதே கதை. வெளி யூனிட்டை மாட்டுபவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பட்டியலில் உள்ள பயிற்சி பெற்றவர்தானா என்று வீட்டுக்காரர் பார்க்கவேண்டும். இது கழக விதி. கீழே ஆள் நடக்கும் இடத்துக்கு மேல் தொங்கப்போகிற பாரம்.

மின்சார பில் பற்றியும் இரண்டு வரியில் கேட்டிருந்தீர்கள், நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு யூனிட் மின்சாரம் 30 காசுக்கு முன்னே பின்னே இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். நல்ல நிலையில் இருக்கும் 9,000 பிடியு இன்வெர்ட்டர், அறை குளிர்ந்தபின் மணிக்கு அரை யூனிட்டுக்கும் குறைவாகத்தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு வெள்ளி, ஒன்றேகால் வெள்ளி. அழுக்கு ஏசி அதே குளிருக்குக் கூடுதலாக இழுக்கும். 25 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் போடுங்கள். 16ல் வைத்தால் சீக்கிரம் குளிராது, விடிய விடிய ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை மேல் நேராகக் காற்று படாமல் தகட்டை மேலே திருப்பிவிடுங்கள்.

இன்று ராத்திரிக்கு: பெரிய அறை ஏசியை அணைத்துவிட்டு, குழந்தையோடு குளிர்கிற அறையில் படுங்கள். வழியும் தண்ணீர் கீழே உள்ள பிளக்பாயிண்டைத் தொடுகிறதா என்று பாருங்கள், தொட்டால் அந்த சுவிட்சைப் பயன்படுத்தாதீர்கள். காலையில் ஃபில்டர், பிறகு பைப் முனை. என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், ஒப்பந்தத்தில் ஏசி பற்றிய பக்கத்தையும் அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.